புல் சாய்ந்த பக்கம்

எங்கள் நகரியத்தில் பாதை முதலில் வரும், நடப்பவர் பிறகு வருவார்.

காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளியில் புதிதாக ஒரு தடம் விழுந்திருக்கும். புல் மடங்கி, நடுவில் மண் லேசாகத் தெரிய, பல நாள் நடந்து தேய்த்த ஒற்றையடிப் பாதை போலவே இருக்கும். ஆனால் அதுவரை அதில் ஒருவரும் கால் வைத்திருக்க மாட்டார்கள். அன்றோ அடுத்த சில நாட்களிலோ யாருக்காவது அந்த வழியாகப் போக வேண்டிய தேவை வந்து சேரும். தபால் நிலையத்தை நோக்கித் தடம் விழுந்தால் அந்த வரிசையில் யாருக்கோ பதிவுத் தபால் வரப்போகிறது. ஆஸ்பத்திரியை நோக்கி விழுந்தால் அந்த வரிசைக் குவார்ட்டர்ஸில் எல்லோரும் ஒரு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். பிறகு டிபன் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

நான் ஆலை நகரிய நிர்வாகத்தின் பயனர் அனுபவப் பிரிவில் வடிவமைப்பாளர். இதைச் சொன்னால் பலரும், "அப்படின்னா என்னங்க?" என்பார்கள். ஒரு மனிதர் ஒரு காரியத்தைச் செய்யப் போகும்போது எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்து, தடுமாறாதபடி அந்த இடத்தை மாற்றி வைப்பதுதான் என் வேலை. முதலில் எங்களிடம் திரைகள் மட்டும்தான் இருந்தன. தண்ணீர் வராவிட்டால் புகார் செய்யும் செயலி, ஆஸ்பத்திரியின் டோக்கன் இயந்திரம், பஸ் நேரம் காட்டும் பலகை. பாதைகள் வரத் தொடங்கியபோது அவற்றைத் தோட்டப் பிரிவு பார்ப்பதா சிவில் பிரிவு பார்ப்பதா என்று நிர்வாகத்தில் பெரிய இழுபறி. இரண்டு பேரும் கையை விரித்ததும் எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். நிர்வாகம் தெரியாமல் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று. திரையில் ஒரு விரல் எங்கே போகும் என்பதும் விரல் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்தத் தடத்தைத்தான் நாங்கள் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்தோம். புல்லில் அது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரிவில் மூன்று பேர். தலைவர் ரெஜினா மேடம் எந்நேரமும் பிளாஸ்கில் இருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருப்பார். ஒரு பொத்தானை நகர்த்தச் சொன்னால்கூட, அதனால் வேறு எது எது நகரும் என்று அரைநாள் உட்கார்ந்து யோசிப்பார். வரைந்ததைக் கட்டிக்கொடுப்பவன் ஹபீப். புல்லைப் படிப்பதும் அவன்தான். கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான். போய்த் திரும்பி வருகிற பாதையில் புல் இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கும். போனவர் திரும்பாத பாதையில் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். மாற்றல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு அப்படி ஒன்று விழும். எங்கள் மூவருக்கும் இது தெரியும். வெளியில் சொல்வதில்லை. சொன்னால் தினமும் காலையில் குடும்பம் குடும்பமாகக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு கிடப்பார்கள்.

எங்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு. நடப்பவர் மேல் தப்பு சொல்ல மாட்டோம். எந்தப் பாதையையும் அடைக்க மாட்டோம். இந்த இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தது செக்யூரிட்டி பிரிவு. இயக்குநர் பங்களாத் தோட்டத்தின் குறுக்கே தடம் விழுந்தது என்று ஒரு தடவை முள்கம்பி வேலி போட்டார்கள். மறுநாள் அதே பாதை பக்கத்துக் குவார்ட்டர்ஸின் ஹாலுக்குள் நுழைந்து, மொசைக் தரையைத் தேய்த்து, சமையலறை வழியாக வெளியேறியிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் டி.வி. ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள். இன்றும் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் அந்த ஹால் வழியாகத்தான் போகிறார்கள். சீரியல் ஓடும் நேரத்தில் மட்டும் குனிந்து போவார்கள்.

இன்னொரு வழக்கம், பயனர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சும்மா கொஞ்ச நேரம் நின்று பார்க்காமல் ஒரு கோடுகூட வரையக் கூடாது என்பது. இதை நாங்கள் ஒரே ஒரு தடவைதான் மீறினோம்.

மழை தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஒரு காலையில், பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டப் பின்கதவைத் திறந்தேன். எங்கள் வாசற்படியிலிருந்தே ஒரு தடம் தொடங்கியிருந்தது. துவைக்கிற கல்லைத் தாண்டி, பாதாம் மரத்தின் நிழலை ஒட்டி, சரிவில் இறங்கி, ஏரிக்குப் போயிருந்தது. கரையில் நிற்கவில்லை. தண்ணீருக்குள்ளும் கொஞ்ச தூரம் பாசி இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டிருந்தது.

ஹபீபைக் கூப்பிட்டேன். அவன் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைக்கவில்லை.

"ஒரே பக்கம்தான் அக்கா."

"எந்தப் பக்கம்?"

"ஏரிப் பக்கம்."

தடத்தின் வலது ஓரம் சுத்தமாக இருந்தது. இடது ஓரத்தில் புல் இழுபட்டு வேரோடு பெயர்ந்திருந்தது. யாருடைய பாதை என்று ஹபீப் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. என் கணவர் தணிகை பாய்லர் பிரிவில் ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். உள்ளே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. தாளைத் திருப்பும்போதெல்லாம் நான் காதை வைத்துக் கேட்டுக்கொண்டேயிருந்தேன்.

விழுந்த பிறகு அவருக்கு எளிய வேலை என்று சொல்லி வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீசில் உட்காரவைத்தார்கள். அங்கே அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, வேலை கிடையாது. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் பேச்சு குறைந்ததை நான் கவனித்தேன். பாய்லர் சத்தத்தில் இருந்தவர், அமைதி பழகிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாதை எப்போது நிறைவேறும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அன்றைக்கே ரெஜினா மேடம் பிளாஸ்கோடு வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் கணவரிடம் பேட்டி எடுத்தோம். நான் உறவு என்பதால் வாய் திறக்கக் கூடாது, எழுத மட்டும் செய்யலாம் என்றார் மேடம். பேட்டியில் நாங்கள் "ஏன்" என்று கேட்பதில்லை. ஏன் என்று கேட்டால் மனிதர்கள் ஏதாவது ஒரு காரணத்தை அந்த நிமிடமே தயாரித்துக் கொடுத்துவிடுவார்கள். பதிலை நாமே கேள்வியில் வைத்து நீட்டவும் கூடாது. நீட்டினால் மரியாதைக்காகவாவது எடுத்துக்கொள்வார்கள், பிறகு அதுவே அவர்களுடைய தேவையாகிவிடும்.

"கடைசியா வெளிய போனது எப்போ சார்?" என்று ரெஜினா மேடம் கேட்டார்.

"நேத்து சாயங்காலம். பின்கதவு வரைக்கும்."

"அங்க என்ன செஞ்சீங்க?"

"நின்னேன்."

"நிக்கும்போது எப்படி இருந்துது?"

அவர் மேசைமேல் இருந்த உப்பு ஜாடியைத் திருப்பித் திருப்பி வைத்தார். "லேட்டாகுதுன்னு இருந்துது. யாரோ எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க, நான்தான் போகாம இழுத்தடிக்கிறேன்னு."

"ம்."

"இங்க நமக்காக யாரும் காத்திருக்கலை பாருங்க. டைம் ஆபீஸ்ல நான் போகலைன்னாலும் மணி அடிக்கும்."

"அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"செல்வி சாப்பிடக் கூப்பிட்டா. வந்துட்டேன்."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ரசம் சூடாக்கிக்கொண்டிருந்த சாயங்காலங்களில் எனக்கு முதுகுப் பக்கம் இது நடந்திருக்கிறது. அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. பேட்டி முடியும்வரை அது கூடாது.

அலுவலகச் சுவரில் நகரியத்தின் பெரிய வரைபடம் இருக்கிறது, ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நூலோடு. அதில் எங்கள் வீட்டை ஒட்டி ஹபீப் ஒரு நூலைக் கட்டி ஏரி வரைக்கும் இழுத்து ஊசி குத்தினான். ஏரி அதில் ஒரு நீலத் திட்டு. அதற்குமேல் அங்கே எங்களுக்கு எதுவும் தெரியாது. போய்ப் பார்க்கவும் இல்லை. எனக்கு அவசரம். என் அவசரத்தைப் பார்த்து மற்ற இரண்டு பேருக்கும் அவசரம். அன்று ரெஜினா மேடம் அரைநாள் யோசிக்கக்கூட இல்லை.

"பாதையைத் தொட வேண்டாம்," என்றார். "அது முடிஞ்ச இடத்துல என்ன இருக்கோ, அது இங்கயே ஒரு இடத்துல இருக்கணும். அவருக்காக யாராவது காத்திருக்கணும். நிஜமா காத்திருக்கணும் செல்வி. சும்மா ஒரு பெஞ்சு போட்டா நடக்காது."

ஆனாலும் பெஞ்சிலிருந்துதான் தொடங்கினோம். டீக்கடையைப் பாதாம் மரத்தடிக்குக் கொண்டுவந்தோம். அதற்குத் தோட்டப் பிரிவும் கூட்டுறவுச் சங்கமும் சம்மதிக்க வேண்டியிருந்தது. அவர்களை நகரியம் முழுக்க நடக்கவைத்து, டீ குடிக்கப் போகிறவர்கள் எங்கெங்கே சுற்றுகிறார்கள் என்று காட்டியதும் தாங்களாகவே கடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறுநாள் காலை தடம் மரத்தடியில் ஒரு சிறு வளைவு வளைந்திருந்தது. வளைந்துவிட்டு மறுபடி ஏரிக்கே போயிருந்தது. மனமகிழ் மன்றத்தின் கேரம் பலகையையும் அங்கே போட்டோம். வளைவு கொஞ்சம் பெரிதானது. அவர் அங்கே போய் ஓர் ஆட்டம் ஆடினார், ஒரு டீ குடித்தார், பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேரம் பலகை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நாலு பேர் சேர்ந்தால் அதற்குப் போதும்.

ஒன்றை நகர்த்தினால் இன்னொன்று நகராமல் இருக்குமா? டீக்கடை இடம் மாறியதும் ஷிப்ட் ஆட்களின் பாதை மாறியது. சைக்கிள் ஸ்டாண்டு வெறிச்சோடியது. அங்கே படுத்திருந்த நாய்கள் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் பயந்து பின்பக்கமாக வர, பின்பக்கம் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தின் ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்த பிள்ளைகள்தான், உள்ளே ஒரு பழைய பாய்லர் அழுகிறது என்று வீட்டில் வந்து சொன்னார்கள்.

சிவில் பிரிவில் விசாரித்தோம். பாய்லர் அழுவது உண்மைதான். அதைப் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்ற பிறகு யார் கை வைத்தாலும் அது சூடேறவில்லை. ஆஸ்பத்திரிப் போர்வைகள் ஈரமாகவே மடிக்கப்பட்டு, ஈரமாகவே நோயாளிகள்மேல் போர்த்தப்பட்டன. யாரும் புகார் செய்யவில்லை. போர்வை என்றால் ஈரமாக இருக்கும் என்று பழகியிருந்தார்கள்.

என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பாய்லரின் வயிற்றில் கையை வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஏம்மா இவ்வளவு நாள்?" என்றார். என்னிடம் இல்லை, பாய்லரிடம். அது லேசாக ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் எங்கள் பின்வாசலில் இருந்த தடம் பாதாம் மரத்தடியில் சுத்தமாகத் திரும்பி, சலவைக் கூடத்துக்குப் போயிருந்தது. ஹபீப் படுத்துப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் அக்கா!" என்று தரையில் இருந்தபடியே கத்தினான். மரத்திலிருந்து ஏரிக்குப் போன பகுதியில் புல் நிமிர்ந்துவிட்டது. அன்று அலுவலகத்தில் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டோம். ரெஜினா மேடம் வெந்நீருக்குப் பதிலாக டீ குடித்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நன்றாக இருந்தன. அவர் சட்டையில் கஞ்சியும் ஆவியும் மணக்க வீட்டுக்கு வருவார். சாப்பிடும்போது பாய்லரைப் பற்றிப் பேசுவார், பேசிக்கொண்டே இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொள்வார். ஆஸ்பத்திரியில் இப்போது காய்ந்த போர்வை கொடுப்பதால் நோயாளிகள் தூக்கம் வராமல் புரளுகிறார்களாம். சிரித்தார். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷமாக இருந்தது. பயம் இன்னும் போகவில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் கை கழுவிக்கொண்டே கேட்டார். "அங்க சொல்லிட்டீங்களா?"

"எங்கங்க?"

"ஏரியில. நான் வரலைன்னு."

"இல்லையே."

"பாவம்," என்றார். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். "அவங்க பாட்டுக்குப் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

நான் மறுநாள் அலுவலகத்தில் வரைபடத்தின் முன் நின்றேன். நாங்கள் நகர்த்தினதெல்லாம் சேர்ந்து நகரியத்தின் பாதைகளை ஏரிப் பக்கத்திலிருந்து உள்ளே இழுத்துவிட்டிருந்தன. மீன் பிடிக்கப் போகிறவர்களின் தடம், ஆடு மேய்க்கப் போகிற தடம், சும்மா காற்று வாங்கப் போகிறவர்களின் தடம் எல்லாமே டீக்கடைப் பக்கம் திரும்பியிருந்தன. நீலத் திட்டைத் தொட்டுக்கொண்டு ஒரு நூலும் இல்லை. ரெஜினா மேடமும் வந்து பக்கத்தில் நின்றார். பிளாஸ்கைத் திறந்தார், ஊற்றாமலே மூடினார்.

அடுத்த காலையில் தடம் விழுந்திருந்தது.

ஏரியில் பாசி ஒதுங்கியிருந்தது. அங்கிருந்து சரிவில் ஏறி, பாதாம் மரத்தைத் தொடாமல், நேராக எங்கள் பின்வாசலுக்கு வந்திருந்தது. கதவின் அடியில் நுழைந்து, மொசைக் தரையில் ஒரு மங்கலான கோடாகத் தேய்ந்து, சாப்பாட்டு மேசையில் அன்று பேட்டியின்போது என் கணவர் உட்கார்ந்த நாற்காலியில் முடிந்திருந்தது. ஹபீப் கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

"வீட்டுப் பக்கம் சாஞ்சிருக்கு அக்கா. குதிகால் எங்கயும் பதியலை. விரல் மட்டும்தான்."

"ரெண்டு முனையிலயும் கேட்டிருக்கணும்," என்றார் ரெஜினா மேடம். "ஒரு முனைல மட்டும் கேட்டுட்டு வேலையை முடிச்சுட்டோம். நாம போகலை, அவங்க வராங்க."

அடைப்பது எங்கள் வழக்கம் இல்லை என்பதைச் சொன்னேன். பாதை வந்துவிட்ட பிறகு நடப்பவருக்கு வசதி செய்துகொடுப்பதுதான் எங்கள் வேலை. தண்ணீரிலிருந்து வருகிறவர் ஈரக் காலோடு வருவார். ஹபீப் தடம் நெடுக ஒருவர் நடக்கிற அகலத்துக்கு வழுக்காத சொரசொரப்புக் கல் பதித்தான். விரலை மட்டும் ஊன்றி நடப்பவரால் உயரமாகக் கால் தூக்க முடியாது என்று வாசற்படியைத் தணித்தான். நான் மெத்தை வைத்த நாற்காலியை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். வேலை என்று வந்துவிட்டால் எனக்கு ஒரு திமிர் வந்துவிடும். அது அந்த நேரத்துக்கு உதவியாக இருந்தது.

மனதுக்குள் ஒன்றே ஒன்று மட்டும் வேண்டிக்கொண்டேன். என் கணவர் சலவைக் கூடத்துக்குக் கிளம்பிய பிறகு வரட்டும்.

அப்படியேதான் நடந்தது. அவருடைய இழுத்த நடைச் சத்தம் பாதாம் மரத்துக்கு அப்பால் தேய்ந்து மறைந்தது. பின்பக்கம் கல்லில் ஈரம் படுகிற சத்தம் கேட்டது. வந்தவர் தணித்த படியைச் சிரமம் இல்லாமல் ஏறி, தரையில் இருந்த கோட்டின்மேல் நடந்து, நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியின் கீழே தண்ணீர் தேங்கியது. வயது சொல்ல முடியவில்லை. முகத்தைப் பார்த்தால் பார்த்த முகம் மாதிரிதான் இருந்தது. ஆனால் யாருடையது என்று நினைவுபடுத்தப் போனால் அது கலங்கிவிடும். டீ கொடுத்தேன். குடிக்கவில்லை, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆவி உடனே நின்றுவிட்டது.

ரெஜினா மேடம் வழக்கம்போலத் தொடங்கினார். "வந்ததுக்கு ரொம்ப நன்றி. கடைசியா நீங்க காத்திருந்தது எப்போ?"

"இப்பவும்தான்," என்றார் வந்தவர்.

"எப்படி இருக்கும்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

"பாதை வந்துது. பாசியை ஒதுக்கி வெச்சேன். ஒருத்தர் வர்றாருன்னு இருந்துது. அப்புறம் ஒவ்வொரு நாளா வளைஞ்சு வளைஞ்சு அந்தப் பக்கம் போயிடுச்சு." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "மத்தவங்க பாதையும் போயிடுச்சு. அந்தப் பக்கம் இப்ப புல் என் தலைக்கு மேல வளர்ந்திருக்கு."

"முன்னாடி?"

"முன்னாடி யாராவது கால் நனைப்பாங்க. இப்ப அதுவும் இல்லை. ஒருத்தர் வரணும்."

ரெஜினா மேடம் அடுத்த கேள்வியைக் கேட்காமல் பொறுத்திருந்தார். பேட்டியில் அப்படிச் சும்மா இருக்கும் இடைவெளிகள் முக்கியமானவை. அதில்தான் பயனர் தானாக ஏதாவது சொல்வார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நாற்காலியின் அடியில் இருந்த தண்ணீர், சுவரோரம் என் கணவர் கழற்றிவிட்டிருந்த வீட்டுச் செருப்பை நோக்கி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

"அவரேதான் வரணுமா?" என்று கேட்டேன். "வேற யாராவது வந்தாலும் பரவாயில்லையா?"

ரெஜினா மேடத்தின் பேனா நின்றது. ஹபீப் என்னைப் பார்த்தான். எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுப்பது இது. பதிலைக் கேள்வியில் வைத்து நீட்டக் கூடாது. எனக்குத் தெரியும். என் கணவர் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் விழுகிற சத்தம்தான் என் காதில் இருந்தது.

வந்தவர் யோசித்தார். என் கேள்வியை ஒரு தடவை முழுதாகத் திருப்பிப் பார்த்ததுபோல் இருந்தது.

"பரவாயில்லை," என்றார். "யாருன்னு நான் கேட்டதே இல்லை."

டம்ளரை மேசையில் வைத்தார். அதில் இப்போது டீ இல்லை, தெளிந்த தண்ணீர் இருந்தது. "நான் வெளிய இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் என் கணவர் வந்து, பின்கதவு வழியாகப் பார்த்து, வந்திருப்பவருக்குத் தலையசைத்தார். அங்கிருந்தும் தலையசைப்பு வந்தது. தெரிந்தவர்கள்போல இரண்டு பேரும் அதோடு விட்டுவிட்டார்கள். இரவு அவர் ஏரிப் பக்கம் பார்க்காமல் படுத்ததும் தூங்கிவிட்டார்.

காலையில் நான் எதிர்பார்த்த தடம் விழுந்திருந்தது. எங்கள் படியிலிருந்து ஏரிக்கு, கல் பதித்த வழியை ஒட்டியே, இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்கிற அகலத்துக்கு இருந்தது. ஒரு பக்கம் விரல்கள் மட்டும். இன்னொரு பக்கம் வலது குதிகாலின் வெளி ஓரம் ஆழமாக அழுந்தியிருந்தது. என் செருப்பெல்லாம் அந்த இடத்தில்தான் தேயும். ஹபீப் இந்தத் தடவை கன்னத்தைத் தரையில் வைக்கவில்லை. ஒரே பக்கம்தான் என்று நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

ரெஜினா மேடம் பிளாஸ்கைக் கீழே வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெந்நீர் பிளாஸ்கைப் பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை எப்போதும் சூடாக இருக்கும்.

"ரெஜிஸ்டர்ல கள ஆய்வுன்னு போட்டுக்கலாமா செல்வி?"

"போட்டுக்கங்க மேடம். அன்னைக்கே போய்ப் பாத்திருக்கணும்."

என் கணவர் டிபன் பாக்ஸோடு பின்வாசலுக்கு வந்தார். தடத்தைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"எனக்குத்தாங்க. ஆபீஸ் வேலை."

"ஏரிக்கா?"

"ஆமா. அங்க போய்ப் பாக்காமலே வேலையை முடிச்சுட்டோம்ல."

"நல்லதுதான். பாவம், யாராவது போய்ச் சொல்லணும்." துவைக்கிற கல்லைப் பார்த்து, ஒரு தடவை தலையசைத்தார். "மத்தியானம் வந்துடுவியா?"

"சாதம் ஹாட்பாக்ஸ்ல இருக்கு. ரசத்தை மட்டும் சூடு பண்ணிக்கங்க."

"சரி. பழைய செருப்பு போட்டுக்கோ. புதுசு நனைஞ்சா வீணாப்போயிடும்."

புல் சாய்வைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் முதல் தடவையும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. அவர் இடது காலை இழுத்துக்கொண்டு பாதாம் மரத்தைச் சுற்றி, சலவைக் கூடத்துப் பாதையில் போனார். அந்தப் பாதையில் புல் இரண்டு பக்கமும் சாய்ந்திருந்தது. அவர் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மிக நன்றாக அமைந்த பாதை. நான் செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். தூரத்தில் பாய்லர் அவர் வருவதைத் தெரிந்துகொண்டு ஒரு தடவை கூவியது.

ஹபீப் பதித்திருந்த கல் ஒருவருக்குத்தான் போதும்.

"இன்னொரு வரிசை போடணும் ஹபீப்," என்றேன். "ரெண்டு பேர் நடக்கணும்."

"சரிக்கா," என்று சொல்லி, தரையைப் பார்த்துக்கொண்டே கல் எடுக்கப் போனான்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். கல் வருகிறவரை இருவரும் அங்கே உட்கார்ந்திருந்தோம்.